கயிறும் முளைக்குச்சியும்: வகுப்பறைக்கு வெளியே வடிவியல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கு எடுக்கிறேன். வாரத்தில் ஒரு நாள், வெயில் ஏறுவதற்குள், பிள்ளைகளை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவது என் வழக்கம். அதைக் கேள்விப்பட்ட சக ஆசிரியர்களும் சில பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

என்னென்ன பொருள்கள் வேண்டும்?

இழுத்தால் நீளாத கயிறு 15 மீட்டர், 30 மீட்டர் அளவுநாடா ஒன்று, ஆறேழு முளைக்குச்சிகள், ஒரு டப்பா கோலமாவு, துணி காயப்போடும் கிளிப் ஒரு டஜன். கோணமானியும் மூலைமட்டமும் பிள்ளைகளின் வடிவியல் பெட்டியிலேயே இருக்கும். தொங்கவிட ஒரு கல்லும் கொஞ்சம் நூலும் போதும். விலை கொடுத்து வாங்க வேண்டியது அளவுநாடா மட்டும்தான். அதையும் உடற்கல்வி ஆசிரியரிடம் இரவல் வாங்கலாம், திருப்பிக் கொடுக்கிறவராக இருந்தால்.

முதல் நாள் எதில் தொடங்குவது?

செங்கோணத்தில். காகிதத்தில் செங்கோணம் வரைய மூலைமட்டம் இருக்கிறது. மைதானத்தில் எட்டு மீட்டர் கோட்டுக்குச் செங்குத்தாகப் பன்னிரண்டு மீட்டர் கோடு போட எந்த மூலைமட்டத்தை வைப்பது? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பத்து நிமிடம் சும்மா நின்றுவிடுங்கள். நோட்டை மூலையில் வைப்பார்கள், செங்கல்லை வைப்பார்கள், கண்ணை இடுக்கிப் பார்ப்பார்கள். சண்டை மூண்டதும் கயிற்றை எடுங்கள்.

கயிற்றில் 12 மீட்டரை அளந்து, மீட்டருக்கு ஒரு அடையாளம் இடுங்கள். கயிற்றின் இரு முனைகளையும் ஒருவர் சேர்த்துப் பிடிக்கட்டும். மூன்றாவது அடையாளத்தை இன்னொருவரும், ஏழாவது அடையாளத்தை மற்றொருவரும் பிடித்து, மூவரும் விறைப்பாக இழுக்கட்டும். பக்கங்கள் 3, 4, 5. மூன்றாவது அடையாளத்தில் நிற்கும் பிள்ளையின் கையில் செங்கோணம் விழுந்திருக்கும். பித்தாகரஸ் பெயரை அன்று எடுக்கவே வேண்டாம். எட்டாம் வகுப்பில் அந்தப் பெயர் வரும்போது, "இது நம் கயிறு ஆயிற்றே" என்று அவர்களே சொல்வார்கள்.

கயிற்றில் முடிச்சுப் போடலாமா?

நான் முதல் ஆண்டு அப்படித்தான் செய்து ஏமாந்தேன். அளந்து, மையால் குறியிட்டு, குறி வைத்த இடத்தில் முடிச்சுப் போட்டேன். ஒவ்வொரு முடிச்சும் கொஞ்சம் கயிற்றை விழுங்கிவிடும், அதுவும் ஒரே அளவாக விழுங்காது. பன்னிரண்டு மீட்டர் கயிறு பதினொன்றரையாகி, மூன்றும் நான்கும் ஐந்தும் ஏதோ மூன்று எண்களாகிவிட்டன. அதனால்தான் கிளிப். நழுவினால் திருப்பி மாட்டிக்கொள்ளலாம்.

முடிச்சுக்கும் ஓர் இடம் உண்டு. என் வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ள மாணவி ஒருத்தி இருந்தாள். அவளுக்காக முடிச்சை முதலில் போட்டு, முடிச்சுக்கு முடிச்சு நாடாவை வைத்துச் சரிசெய்து ஒரு கயிறு தயாரித்தோம். கயிற்றை விரலால் எண்ணிக்கொண்டே போய் மூலையைத் தொட்டு, "இங்கே திரும்புகிறது" என்று முதலில் சொன்னவள் அவள்தான்.

கட்டடத் தொழிலாளர்கள் செய்வதும் இதுதானே?

இதேதான். வீட்டுக்கு வானம் தோண்டுமுன் நூல் பிடித்து, ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று கொத்தனார் பார்ப்பார். வராவிட்டால் நூலை நகர்த்துவார். பள்ளியில் சுற்றுச்சுவர் வேலை நடந்தபோது மேஸ்திரி ஒருவரிடம், "ஐயா, கொஞ்சம் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா?" என்று கேட்டேன். பத்து நிமிடம் காட்டினார். "மூன்றடியோடு நிற்காதீர்கள் சார், இடம் இருந்தால் ஆறு, எட்டு, பத்து வையுங்கள். பெரிய முக்கோணத்தில் தப்பு சின்னதாகும்" என்றார். பாடநூலில் நான் படித்திராத வரி அது.

அவர் சொன்னதைக் கணக்குப் போட்டும் பார்க்கலாம். 3, 4, 5 மீட்டர் முக்கோணத்தில் ஐந்து மீட்டர்ப் பக்கம் 5 செ.மீ. கூடிப்போனால் கோணம் ஒரு பாகைக்குச் சற்று மேல் பிசகும். அந்தக் கோட்டையே 12 மீட்டருக்கு நீட்டினால் முனை கால் மீட்டர் விலகி நிற்கும். முக்கோணத்தை இரண்டு மடங்காக்கிவிட்டால் அதே 5 செ.மீ. பிழைக்கு விலகல் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

கோடு சரியாகத்தான் வந்ததா என்று பிள்ளைகள் எப்படிச் சோதிப்பது?

மூலைவிட்டங்களை அளக்கச் சொல்லுங்கள். ஒருமுறை மாணவியருக்கான 12 மீட்டருக்கு 8 மீட்டர் கபடி ஆடுகளத்தை ஏழாம் வகுப்பே போட்டது. நான்கு பக்கமும் அளவு பிசகவில்லை, எதிரெதிர்ப் பக்கங்கள் சமம், எல்லோருக்கும் திருப்தி. மூலைவிட்டத்தை அளந்தபோது ஒன்று 14 மீட்டர் 90, மற்றது 13 மீட்டர் 93. இரண்டும் 14 மீட்டர் 42 வந்திருக்க வேண்டும். அவர்கள் போட்டது இணைகரம்! எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்தால் மட்டும் செவ்வகம் ஆகிவிடாது என்பதைக் கரும்பலகையில் நான் நான்கு ஆண்டுகளாக எழுதிவந்திருக்கிறேன். அன்று கோலமாவை அழித்து மறுபடி போட்ட பிள்ளைகளுக்கு அதை எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

கைப்பந்து ஆடுகளம் 18 மீட்டருக்கு 9 மீட்டர். அதன் மூலைவிட்டம் 20.12 மீட்டர். கிரிக்கெட் ஆடுகளத்தின் 22 கஜத்தை மீட்டராக்கினாலும் 20.12தான். வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. வெறும் தற்செயல்தான், ஆனாலும் கிரிக்கெட் பையன்கள் இதைக் கேட்டதும் நாடாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

கர்ணத்துக்குப் பழந்தமிழ்ச் சூத்திரம் என்று ஒரு பாடல் கைபேசியில் சுற்றுகிறதே, அதைச் சொல்லிக்கொடுக்கலாமா?

தாராளமாக, சோதிக்கக் கொடுக்கலாம். செங்கோணத்துக்கு எதிரே உள்ள நீண்ட பக்கம்தான் கர்ணம். அந்தப் பாடல் சொல்வது இது: நீளத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழி, மிச்சத்தோடு உயரத்தில் பாதியைக் கூட்டு, வருவது கர்ணம். வர்க்கமூலம் வேண்டாம் என்பதால் பார்த்தவுடன் மயக்கும். நீளம் 4, உயரம் 3 என்றால் மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5. சரி. நீளம் 12, உயரம் 5 என்றால் பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13. இதுவும் சரி.

இனி மைதானத்துக்கு வாருங்கள். 15 மீட்டர் நீளம், 8 மீட்டர் உயரம்: சூத்திரம் 17.125 என்கிறது, நாடா 17 என்கிறது. பத்துக்குப் பத்து சதுரத்தில் சூத்திரம் 13.75 தரும், நாடா 14.14 காட்டும். உயரம் ஒன்றுமே இல்லாவிட்டால் கர்ணம் நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், சூத்திரமோ எட்டில் ஏழு என்று சொல்லிவிடும். ஆக, சில அளவுகளுக்கு அச்சாகவும் மற்றவற்றுக்குத் தோராயமாகவும் வரும் ஒரு கைக்கணக்கு அது. பெருமைப்படுவதா வேண்டாமா என்ற வாக்குவாதத்தைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளட்டும். எந்த அளவில் எவ்வளவு தவறுகிறது என்று பிள்ளைகள் ஒரு பட்டியல் போட்டால் ஒரு வாரத்துக்குக் கணக்கு கிடைத்துவிடும்.

மரத்தின் உயரத்தை ஏறாமல் அளப்பது எப்படி?

எளிய வழி நிழல். ஒரு மீட்டர் குச்சியை நட்டு அதன் நிழலையும், அதே நேரத்தில் கொடிக்கம்பத்தின் நிழலையும் அளக்க வேண்டும். குச்சி நிழல் 80 செ.மீ., கம்பத்தின் நிழல் 7.2 மீட்டர் என்றால் கம்பம் 9 மீட்டர். வேப்பமரத்தில் தொடங்காதீர்கள். அதன் உச்சி நிழல் எது, பக்கத்துக் கிளையின் நிழல் எது என்று தெரியாமல் பாதிப் பாடவேளை போய்விடும். கம்பமோ தென்னையோ நல்லது.

நிழல் இல்லாத நாளில் 45 பாகை மூலைமட்டம் கைகொடுக்கும். அதன் ஒரு குட்டைப் பக்கம் தரைக்கு இணையாக இருக்கும்படி கண்ணருகே பிடித்து, கர்ணத்தின் வழியே மர உச்சி தெரியும்வரை பின்னால் நடக்க வேண்டும். உச்சி தெரிந்த இடத்திலிருந்து மரத்துக்கு எவ்வளவு தூரமோ, அதனோடு பார்ப்பவரின் கண் உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம். கண் உயரத்தைக் கூட்ட மறக்காத வகுப்பை நான் இன்னும் பார்க்கவில்லை. வகுப்பிலேயே குள்ளமானவனையும் நெட்டையானவனையும் ஒரே மரத்தை அளக்கச் சொல்லிப் பாருங்கள். விடைகள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடும்போது அந்தக் கண் உயரம் தானே அகப்படும்.

ஏரிக்கு அக்கரையில் இருக்கும் மரம் எவ்வளவு தூரம் என்று கேட்டால்?

இது எனக்கு மிகப் பிடித்த பயிற்சி. இக்கரையில் 20 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். ஒரு முனையில் நின்று, அந்தக் கோட்டுக்கும் பனைமரத்தைப் பார்க்கும் திசைக்கும் இடையே உள்ள கோணத்தை அளக்க வேண்டும். பிறகு மறுமுனையிலும் அதையே செய்ய வேண்டும். பெரிய அட்டையில் வரைந்த கோணமானி, அதன் நடுவில் சுழலும்படி குத்திய உறிஞ்சுகுழல், இவ்வளவுதான் கருவி. 70 பாகையும் 80 பாகையும் வந்தன என்று வையுங்கள். வகுப்புக்குத் திரும்பி 2 மீட்டருக்கு 1 செ.மீ. என்று வரைந்தால், 70 பாகை அளந்த முனையிலிருந்து மரம் சுமார் 39 மீட்டர். முக்கோணவியல் தேவையே இல்லை. 80 பாகையை 81 என்று படித்துவிட்டால் அந்த விடை ஒரு மீட்டருக்கு மேல் கூடிவிடும். அக்கரைக்குச் சுற்றிப் போய்வந்து சண்டை போடுவதற்குள் இன்னொரு முறை அளந்துவிடலாம்.

இந்தியாவின் வரைபடமே இந்த முறையில்தான் அளக்கப்பட்டது. 1802இல் வில்லியம் லாம்ப்டன் சென்னை பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கி.மீ. நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அதன்மேல் முக்கோணம், முக்கோணத்தின்மேல் முக்கோணம் என்று நில அளவை வடக்கே இமயம்வரை போயிற்று. பிள்ளைகள் போட்ட 20 மீட்டர் கோட்டுக்கு அதன் தங்கை என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

கோலத்தையும் கணக்கென்று சேர்க்கலாமா?

கோலத்தை விட்டுவிட்டு எதைச் சேர்ப்பது? "ஏழு புள்ளி, ஒன்று வரை, நேர்ப்புள்ளி" என்று வீட்டில் சொல்வார்கள்: நடுவரிசையில் ஏழு, இருபுறமும் 5, 3, 1 எனக் குறையும். மொத்தம் 25. இதைக் கோலமாவில் வைக்காமல் புளியங்கொட்டையும் கூழாங்கல்லுமாக வைக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் புளியங்கொட்டை, அதை ஒட்டி மேலும் கீழும் பக்கத்திலும் வருவது கூழாங்கல், அதை ஒட்டி மறுபடி புளியங்கொட்டை என்று மாறி மாறி வைத்துக்கொண்டு போனால் 16 புளியங்கொட்டை, 9 கூழாங்கல் வரும். தலையைச் சாய்த்துப் பார்த்தால் நாலுக்கு நாலு சதுரம் ஒன்றும், அதனுள் மூன்றுக்கு மூன்று சதுரம் ஒன்றும் செருகிக்கொண்டு நிற்கும். 16, 9, 25. நம் மூன்று-நான்கு-ஐந்து கயிறு இங்கேயும் வந்துவிட்டது.

"ஏழு புள்ளி, நான்கு வரை, இடுக்குப்புள்ளி" வேறு கதை. 7, பிறகு இருபுறமும் 6, 5, 4. மொத்தம் 37. வெளிப்புள்ளிகளைச் சேர்த்தால் அறுகோணம். ஐந்து வரிசையில் ஏன் முடியவில்லை, நடுவில் 9 வைத்தால் எதுவரை குறைக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மாணவி தன் பாட்டியிடம் கேட்டு வந்து, "பதினைந்து என்றால் எட்டு, ஒன்பது என்றால் ஐந்து, ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கு என்று ஆயா சொன்னார்" என்றாள். ஆயா பள்ளிக்கூடமே போகாதவர்.

சமச்சீரைச் சொல்ல, கோலத்தைச் சுற்றி நடக்கவிடுவது போதும். நேர்ப்புள்ளிக் கோலம் ஒரு சுற்றில் நான்கு இடத்தில் ஒன்றுபோலத் தெரியும், இடுக்குப்புள்ளிக் கோலம் ஆறு இடத்தில். பையன்கள் கோலம் போட வெட்கப்படுவார்களே என்றும் கேட்கிறார்கள். முதல் பத்து நிமிடம், ஆமாம்.

விளையாட்டு விழாவில் வெளிப்பாதையில் ஓடுபவரை ஏன் முன்னால் நிறுத்துகிறார்கள்?

வெளிப்பாதையின் வளைவு நீளமானது என்பது பிள்ளைகளுக்கே தெரியும். எவ்வளவு நீளம் என்பதில்தான் சுவாரசியம். பாதையின் இரு அரைவட்டங்களும் சேர்ந்து ஒரு முழு வட்டம். பாதை அகலம் 1.22 மீட்டர் என்றால், அடுத்த பாதையின் ஆரம் அவ்வளவு கூடுகிறது, ஒரு சுற்றின் நீளம் 2 × 3.14 × 1.22, அதாவது ஏறக்குறைய 7.67 மீட்டர் கூடுகிறது. இந்தக் கணக்கில் மைதானத்தின் அளவு எங்கேயும் வரவில்லை! 400 மீட்டர்ப் பாதையானாலும் நம் பள்ளியின் 200 மீட்டர்ப் பாதையானாலும் ஒரு முழுச் சுற்றுக்கு அதே 7.67. (போட்டி விதிப்படி முதல் பாதையை மட்டும் உள்விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளப்பார்கள், மற்றவற்றை 20 செ.மீ. அதனால் இரண்டாம் பாதைக்கு முன்னேற்றம் 7.04 ஆகும். இது விவரம் கேட்கும் உடற்கல்வி ஆசிரியருக்காக.)

நம்ப மாட்டார்கள். முளையைச் சுற்றி 1 மீட்டர் ஆரத்திலும் 2 மீட்டர் ஆரத்திலும் வட்டம் போட்டுச் சுற்றளவின் வித்தியாசத்தை அளக்கட்டும். பிறகு 6 மீட்டரும் 7 மீட்டரும். இரண்டிலும் 6.28க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

பரப்பளவு பாடத்துக்கு வெளியே என்ன செய்யலாம்?

வீட்டில் எப்போதும் காதில் விழும் சொல் 'சென்ட்'. ஒரு சென்ட் எவ்வளவு பெரிது என்று எட்டாம் வகுப்பில் கைகளை விரித்துக் காட்டச் சொன்னால் சிரிப்பு வரும். 435.6 சதுர அடி, அதாவது 40.47 சதுர மீட்டர். பக்கத்துக்கு 6.36 மீட்டர் வைத்து ஒரு சதுரம் போட்டு உள்ளே நிற்கவையுங்கள். பிறகு அதே ஒரு சென்ட்டை 4 மீட்டர் அகலத்தில் நீட்டிப் போடச் சொல்லுங்கள். வேலி கட்ட எது செலவு என்ற கேள்வி அங்கேயே முளைக்கும்.

அதைத் திருப்பியும் போடலாம். 24 மீட்டர் கயிற்றின் முனைகளைக் கட்டிவிட்டு, அதற்குள் எத்தனை பேர் நிற்க முடியும் என்று பாருங்கள். பத்துக்கு இரண்டாக நீட்டினால் 20 சதுர மீட்டர். சதுரமாக்கினால் 36. வட்டமாக்கினால் 46க்குச் சற்றுக் குறைவு. நெரிசலில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு கற்றதை அவர்கள் மறப்பதில்லை.

நிழலில்லா நாள் என்கிறார்களே, அதில் வடிவியல் எங்கே?

சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாளில், நட்ட குச்சிக்கு நண்பகலில் நிழல் விழாது. சென்னையில் இது ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களை ஒட்டி வரும். ஏப்ரலில் தேர்வு, விடுமுறை என்று போய்விடுவதால் ஆகஸ்ட்தான் நமக்கு வாய்ப்பு, மேகம் விட்டால். கடிகாரத்தின் 12 மணியை நம்பி நிற்காதீர்கள். ஆகஸ்ட் 18இல் சென்னையின் உச்சிவேளை சுமார் 12.13, கன்னியாகுமரியில் சுமார் 12.24.

இரண்டு ஊர்ப் பள்ளிகள் கைகோத்தால் பூமியையே அளக்கலாம். சென்னையில் நிழல் இல்லாத அன்று, கன்னியாகுமரியில் ஒரு மீட்டர் குச்சிக்கு 8.7 செ.மீ. நிழல் தெற்கே விழும். அதை வரைந்து பார்த்தால் 5 பாகை. வட்டத்தில் 72இல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் தெற்குவடக்குத் தூரம் சுமார் 553 கி.மீ. 72ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு 39,800 கி.மீ. பழங்காலக் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் எகிப்தில் செய்த அதே வேலை. அவருக்குக் கிடைத்த கோணம் வட்டத்தில் 50இல் ஒரு பங்கு. கவனம்: ஒரு குழு பஸ் போகும் 700 கி.மீ. தூரத்தைப் பெருக்கிவிட்டு, பூமி 50,000 கி.மீ. என்று அறிவித்தது. பஸ் நேர்க்கோட்டில் போவதில்லை.

சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதைப் போகும்போதும் வரும்போதும் சொல்லுங்கள்.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பாடத்தையும் முடிக்க முடியுமா?

நாற்பது பேரும் ஒரே கயிற்றைப் பிடித்தால் முடியாது. ஐந்து பேர் கொண்ட குழுவாக்கி ஆளுக்கொரு வேலை: இருவர் கயிறு, ஒருவர் முளை, ஒருவர் நாடா, ஒருவர் குறிப்பு. அடுத்த அளவுக்கு வேலையை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை நாடாவைக் கடைசிவரை விடாது. காலை முதல் பாடவேளை நல்லது. பதினொரு மணிக்கு மேல் யாருக்கும் கோணம் பிடிபடாது. நேரம் போகிறது என்ற கவலை எனக்கும் இருந்தது. மூலைவிட்டம் சமம் என்பதைப் பலகையில் மூன்று பாடவேளை விளக்கியதோடு ஒப்பிட்டால், கபடி ஆடுகளம் போட இரண்டுதான் ஆயிற்று.

அளவுகள் சரியாக வராவிட்டால் பிள்ளைகள் சோர்ந்துபோகமாட்டார்களா?

சரியாக வந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். எட்டு குழுக்களும் கொடிக்கம்பம் 'சரியாக 9 மீட்டர்' என்று எழுதினால், ஏழு குழுக்கள் பார்த்து எழுதியிருக்கின்றன. எட்டு விடைகளையும் பலகையில் வரிசையாக எழுதுங்கள். எந்தக் குழுவின் குச்சி சாய்ந்திருந்தது, யார் நாடாவின் தொடக்கத்தைத் தப்பாகப் பிடித்தார்கள் என்று அவர்களே விசாரிப்பார்கள். அந்த விசாரணைக்காகத்தான் இத்தனை வெயிலில் போகிறோம். மதிப்பெண் போட வேண்டுமென்றால் விடைக்குப் போடாமல், தவறு எங்கே நுழைந்தது என்று எழுதிய இரண்டு வரிக்குப் போடுங்கள்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

தேங்காய்நார்க் கயிற்றை நம்பாதீர்கள், நனைந்தால் அளவு மாறிவிடும். மற்றபடி மழை நின்ற மறுநாள் அருமையான நாள், மைதானம் முழுக்கக் கண்ணாடி கிடக்கும். தேங்கிய நீரில் கொடிக்கம்பத்தின் உச்சி தெரியும் இடத்தில் ஒரு பிள்ளையை நிறுத்துங்கள். கண் உயரம் 1.2 மீட்டர், காலிலிருந்து நீரில் உச்சி தெரியும் புள்ளிக்கு 90 செ.மீ., அந்தப் புள்ளியிலிருந்து கம்பத்துக்கு 4.5 மீட்டர் என்றால், இரண்டும் வடிவொத்த முக்கோணங்கள், கம்பம் 6 மீட்டர். புள்ளியைச் சுட்ட ஒரு வேப்பிலையை நீரில் போடச் சொல்வேன். அதற்குள் யாராவது ஒருவன் கல்லைப் போட்டுவிடுவான். அலை அடங்கிக் கம்பம் நிமிரும்வரை நாடாவைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான்.